அவசரம் என்னும் ஒரு சொல்

சித்தூர் நகரத்துக் கடைத்தெருவில், தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் தெலுங்கு பேசும் மருந்துக் கடைக்காரரிடம் சீட்டு ஒன்றை நீட்டி, "அவசரம் இல்லை" என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். மற்றவர்களைக் கவனித்துவிட்டு மெதுவாக எடுத்துத் தரலாம் என்பது அவர் கருத்து. கேட்பவர் காதில் விழுவதோ வேறு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை; 'அவசரம் லேது' என்றால் தேவையில்லை. ஆதலால், பெரியவர் மருந்து வேண்டாம் என்கிறார் போலும் என்று எண்ணிக் கடைக்காரர் சீட்டைத் திருப்பித் தந்தால் அது அவர் குற்றமாகாது. சொல் ஒன்று, ஒலியும் ஒன்று, பொருள் மட்டும் இரண்டு.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இத்தகைய அனுபவம் புதிதன்று. இதே சொல்லைத் தில்லியில் 'அவசர்' எனக் கேட்கிறோம். ஆங்கே அது நல்வாய்ப்பைக் குறிக்கும். கேரளத்திலும் அவசரம் என்றால் வாய்ப்புத்தான். வடமொழியில் தக்க வேளை, ஏற்ற தருணம் என்ற பொருளில் பிறந்த சொல், ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வழியே நடந்து, தமிழகத்தில் விரைவாகவும், ஆந்திரத்தில் தேவையாகவும், வடக்கே வாய்ப்பாகவும் நின்றுவிட்டது. சித்தூரிலிருந்து திருப்பதி சென்று மலைமேல் ஏறினால் நான்காவது பொருளும் கிடைக்கிறது. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளில் அவசரம் என்பது இறைவனுக்கு அமுது படைக்கும் வேளையையும், அவ்வேளைக்கென ஏற்படுத்திய படையற் கட்டளையையும் குறிக்கும். அரசர்களின் பெயரால் அமைந்த அவசரங்கள் உண்டு. அக்கல்வெட்டை இன்றைய தமிழறிவு மட்டும் கொண்டு படிப்பவர், விசயநகரத்து மன்னர் ஏதோ அவசரப்பட்டார் என்று பொருள் கொள்ளக்கூடும்!

ஒரு சொல்லோ தொடரோ ஒன்றுக்கு மேற்பட்ட பொருளுக்கு இடம் தருவதைப் பொருள் மயக்கம் என்கிறோம். அதனைக் கண்டறியும் கலையில் மொழி மாணவர்கள் நெடுங்காலமாகப் பயின்று வந்துள்ளனர். இப்பொழுது அவர்கள் கையில் செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய கருவி வந்திருக்கிறது. இக்கருவி மயக்கத்தைக் காட்டிக் கொடுக்குமா, அல்லது மூடி மறைக்குமா? இக்கேள்வியை ஆராய்வதற்குச் சித்தூரையும் திருப்பதியையும்விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இவ்வூர்களின் பெயர்களே இருபொருள் தருவன.

திருப்பதி என்பதைத் தமிழர் திருவாகிய பதி, அதாவது புனிதமான ஊர் எனப் பிரிப்பர். வைணவப் பெரியோர் நூற்றெட்டுத் திருப்பதிகள் என்று கூறுவது இப்பொருளில்தான். வடமொழி வழியே வருவோருக்குப் பதி என்றால் தலைவன். திரு என்பது திருமகள். ஆகவே திருப்பதி என்பது திருமகள் கேள்வனையே குறிக்கும். ஒன்றில் அது ஊர். மற்றொன்றில் அது ஊரில் உறையும் இறைவன். வேங்கடம் என்னும் மலைப்பெயரும் இத்தகையதே. வெம்மை மிக்க காட்டு வழி என்பது தமிழ் வழி விளக்கம். பாவத்தை எரிப்பது என்பது புராண வழி விளக்கம். சித்தூரோ, சிறிய ஊர் என்னும் பொருளுடைய சிற்றூர் என்பதன் திரிபு என்பர். கேரளத்துப் பாலக்காட்டின் அருகே ஒரு சித்தூர் உண்டு. இராசத்தானத்தில் கோட்டைக்குப் பெயர்பெற்ற சித்தூரும் உண்டு. 'சித்தூரிலிருந்து கடிதம் வந்தது' என்று ஒருவர் எழுதினால், எழுதியவர் யார், எங்கிருப்பவர் என்று அறிந்தாலன்றிப் பொருள் துணிய முடியாது.

இப்பகுதியின் வரலாறே இரு மொழிகளின் நடுவில் நிகழ்ந்த வரலாறு. தொல்காப்பியப் பாயிரம் தமிழுலகத்தின் வட எல்லையாகக் குறிப்பது வேங்கட மலையை. 1911இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபொழுது அம்மாவட்டம் அதனுடன் சென்றது. பின்னர் எல்லைச் சிக்கலைத் தீர்க்கப் படாஸ்கர் நடுவராக இருந்து கூறிய முடிவின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தை அடைந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகவும் பிரிந்துவிட்டது. எல்லைகள் இவ்வாறு மாறினவெனினும், கோயிற் சுவர்களில் உள்ள கற்கள் இடம் பெயரவில்லை. அவற்றின் மொழியும் மாறவில்லை.

அக்கற்களைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். திருமலையிலும் திருப்பதியிலும் சுற்றுப்புறக் கோயில்களிலும் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ளவை மிகச் சிலவே. தேவத்தானம் 1930ஆம் ஆண்டை ஒட்டிச் சாது சுப்பிரமணிய சாத்திரியார் முதலிய அறிஞர்களைக் கொண்டு இவற்றைப் படித்து, மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாகப் பல தொகுதிகளாக வெளியிட்டது. மங்கிய சுவரின்முன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் ஐயுற்று ஐயுற்றுப் படித்த அவ்வறிஞர்களின் பொறுமையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

அக்கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு தொடர் 'விட்டவன் விழுக்காடு' என்பது. இன்றைய செய்தித்தாள் படிப்பவருக்கு விழுக்காடு என்றால் நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு. விட்டவன் என்றால் எதையோ கைவிட்டவன். இரண்டையும் சேர்த்தால் பொருளற்ற ஒரு வேடிக்கைதான் மிஞ்சும். கல்வெட்டிலோ, விட்டவன் என்பவன் கட்டளைக்குப் பொருள் கொடுத்தவன். விழுக்காடு என்பது பங்கு. படைத்த பிரசாதத்தில் கொடையாளிக்குரிய நாலிலொரு பங்கே விட்டவன் விழுக்காடு. அந்தப் பங்கு அவன் மரபினருக்கும் உரியது. சில வேளைகளில் அவன் குறித்த மடத்துக்கும் உரியது. எனவே அத்தொடரின் பொருள் வெறும் அகராதிச் செய்தியாக இருந்ததில்லை. யாருடைய இலையில் சோறு விழும் என்பதையே அது முடிவு செய்தது. இவ்வாறே பண்டாரம் என்னும் சொல். இன்று அது ஒரு வகுப்பாரையோ, திருநீறணிந்த துறவியையோ நினைவூட்டும். கல்லில் அது கோயிற் கருவூலம். பொருளைப் பண்டாரத்தில் செலுத்தினான் என்று கண்டதும், ஒரு துறவியின் கையில் கொடுத்துவிட்டான் என்று கொள்ளும் மாணவனைக் கண்டு நாம் நகைக்க வேண்டுவதில்லை. அவனுக்குத் தெரிந்த தமிழ் அவனை அங்கே கொண்டுபோய் விட்டது.

சொல்லில் மட்டுமா மயக்கம்? எழுத்திலும் உண்டு. பழைய கல்வெட்டிலும் ஏட்டிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது பெரும்பாலும் வழக்கத்தில் இல்லை. எகரக் குறிலும் ஏகார நெடிலும் ஒரே வடிவம் பெற்றன. ஒகர ஓகாரமும் அப்படியே. ஆகவே 'எரி' என்று இன்று நாம் படிக்கத்தக்க எழுத்துகள் ஏரியாகவும் இருக்கலாம். நெருப்பையும் நீரையும் கல் ஒரே கோலத்தில் காட்டும். செறு என்றால் வயல். சேறு என்றால் வேறு. நிலக்கொடை பற்றிய ஆவணத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒரே வகையான கோடாக நின்றமையால், காடு என்பதைக் கரடு என்றும் படிக்க இடமுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் குறில் நெடில்களுக்கு வேறு வேறு குறி வகுத்து இத்தொல்லையைக் குறைத்தார். அவருக்கு முந்தைய கல்லைப் படிப்பவர்க்கோ அவர் உதவி கிட்டுவதில்லை.

இத்தனை ஐயங்களுக்கிடையே நம் முன்னோர் எவ்வாறு பொருள் துணிந்தனர்? வழி சொன்னவர் தொல்காப்பியரே. சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் அவர் பலபொருள் ஒருசொல்லை எடுத்துக்கொண்டு இரண்டாகப் பகுக்கிறார். ஒரு வகை, உடன் வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிவது. 'மா' என்பது மரமும் ஆகும், விலங்கும் ஆகும். ஆயின் பூத்தது என்ற வினை வந்துவிட்டால் அது மரமே. மற்றொரு வகை, அவ்வினை இரண்டுக்கும் பொதுவாகிவிடுவதால் தெளியாமல் நிற்பது. மா வீழ்ந்தது என்றால் மரமோ குதிரையோ, யாரறிவார்? அவ்விடத்துச் சொல்லுவோன் தான் கருதியதை வெளிப்படையாகக் கிளந்து சொல்லுதல் வேண்டும் என்பது விதி. கேட்பவன் ஊகிக்கட்டும் என்று அவர் விடவில்லை. பொறுப்பைச் சொல்பவன் தலையிலேயே ஏற்றுகிறார். இவ்விதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எழுத்ததிகாரத்திலும் அவர் இதனைத் தொடுகிறார். எழுத்து ஒரே வகையாய் நின்று பொருள் இரண்டாகும் புணர்ச்சிகள் உண்டு என்றும், அவை இசையால்தான் வேறுபடும் என்றும் கூறுகிறார். உரையாசிரியர் காட்டும் உதாரணத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்: செம்பொன்பதின்றொடி. இது பத்துத் தொடி செம்பொன்னா, ஒன்பது தொடி செம்பா? வாயால் நிறுத்திச் சொன்னால் காது அறியும். ஓலையில் எழுதினால் கண் அறியாது. இப்பேச்சை வானொலியில் கேட்பவருக்கு ஐயமில்லை. அச்சில் படிப்பவர்தாம் ஒரு கணம் நின்று நோக்க வேண்டும். கொடுத்தவன் பொன் கொடுத்தானா, செம்பு கொடுத்தானா என்பது வழக்குமன்றத்துக்கு வந்தால் அந்த ஒரு கணம் எவ்வளவு விலையுடையது!

வடமொழியாளரும் இதே சிக்கலில் இறங்கியவர்களே. ஐந்தாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் பர்த்ருஹரி, தம் வாக்கியபதீயத்தில், ஒரு சொல்லின் பொருளைத் துணிய உதவும் துணைகளைத் தொகுத்துரைத்தார்: சேர்க்கை, பிரிவு, உடனிருப்பு, பகை, பயன், பேச்சின் சந்தர்ப்பம், அருகில் நிற்கும் சொல், இடம், காலம் முதலியன. ஹரி என்ற சொல் திருமாலையும் சிங்கத்தையும் குரங்கையும் இன்னும் பலவற்றையும் குறிக்கும்; சங்கு சக்கரத்தோடு கூடிய ஹரி என்றால் திருமாலே. சைந்தவம் என்பது உப்புக்கும் குதிரைக்கும் பொது. உண்ணும்போது சைந்தவம் கொண்டுவா என்றால் உப்பைக் கொண்டுவர வேண்டும். புறப்படும்போது சொன்னால் குதிரையைக் கொண்டுவர வேண்டும். மாறிப்போனால் உண்பவர் பாடு என்னாவது!

இந்தச் சங்கு சக்கரத்து உதாரணம் அம்மலையின் அடிவாரத்திலேயே இன்றும் பாடமாக நடக்கிறது. 1961இல் மத்திய அரசு திருப்பதியில் நிறுவிய சமஸ்கிருத வித்தியாபீடம், 1987இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, 2020இல் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. சொல்லிலிருந்து பொருளுணர்வு எவ்வாறு பிறக்கிறது என்று ஆராயும் சாப்தபோதம் என்னும் பழைய சாத்திரத்தையும் கணினி மொழித் தொழில்நுட்பத்தையும் ஒரே பாடத்திட்டத்தில் இணைத்தது அந்நிறுவனம். சமஸ்கிருதத்திலிருந்து இந்திக்குக் கணினி வழியே மொழிபெயர்க்கும் கூட்டு முயற்சியிலும், ஐதராபாத் பல்கலைக்கழகம் முதலியவற்றோடு அது பங்கு கொண்டது. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்தில், 1997இல் திராவிடப் பல்கலைக்கழகமும் தோன்றியது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஊர் அது.

இனி இயந்திரத்தின் கதைக்கு வருவோம். 1954 சனவரியில் நியூயார்க்கில், கணினி ஒன்று அறுபதுக்கும் மேற்பட்ட உருசிய வாக்கியங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் காட்டியது. அதற்குத் தெரிந்த சொற்கள் 250; விதிகள் ஆறு. சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளர்க்கு வேலை இராது என்று பலரும் நம்பினர். 1960இல் பார்ஹில்லல் என்னும் அறிஞர் ஓர் எளிய வாக்கியத்தை எடுத்துக்காட்டி அந்நம்பிக்கையை அசைத்தார். ஆங்கிலத்தில் எழுதுகோலுக்கும், குழந்தை விளையாடும் சிறு அடைப்புக்கும் ஒரே சொல். பெட்டி அதனுள் இருந்தது என்றால், எழுதுகோலுக்குள் பெட்டி அடங்காது என்ற உலக அறிவு வேண்டும். இவ்வறிவை இயந்திரத்துக்கு எப்படி ஊட்டுவது என்று அவர் கேட்டார். 1966இல் வெளியான அமெரிக்க அறிஞர் குழுவின் அறிக்கை அம்முயற்சிக்குக் கிடைத்த பணத்தையே வற்றச் செய்தது.

பின்னர் வந்தவர்கள் வேறு வழி பிடித்தனர். உலக அறிவை விதியாக எழுதிக் கொடுப்பதை விடுத்து, கோடிக்கணக்கான வாக்கியங்களைக் கொடுத்து, எச்சொல் எச்சொற்களோடு கூடிவருகிறது என்பதை இயந்திரமே கணக்கிட்டுக்கொள்ளச் செய்தனர். 2017இல் கண்ட ஒரு முறை இதனை மிகவும் வலிமையுடையதாக்கியது. ஒரு வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் மற்றெல்லாச் சொற்களையும் நோக்கி, எவற்றுக்கு எவ்வளவு கவனம் தருவது என்று எடை போட்டுத் தன் பொருளை அமைத்துக்கொள்கிறது. வினையும் இனமும் சார்பும் என்று தொல்காப்பியர் சொன்னதன் கணித வடிவம் இது என்று நான் கூறினால் பெருமைக்காகக் கூறுகிறேன் என்று நினைக்கலாம். இயந்திரத்தை அமைத்தவர்கள் தொல்காப்பியரைப் படித்ததில்லை. ஆயினும் சொல்லின் பொருளை அதன் தோழமையில் தேட வேண்டும் என்ற கருத்தில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

ஒன்றுபடாத இடம் ஒன்று உண்டு. இங்கேதான் மாணவர் விழிப்பாயிருக்க வேண்டும். இலக்கண ஆசிரியர், தெளியாத இடத்தைத் தெளியாதது என்றே வகுத்து வைத்தார். இயந்திரமோ, மிகப் பெரும்பான்மையாக வந்த பொருளை எடுத்துக்கொண்டு, ஐயமே இல்லாதது போலச் சரளமாக விடை கூறும் இயல்புடையது. 2023இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பொருள் மயக்கமுள்ள 1,645 ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் திரட்டி இயந்திரங்களைச் சோதித்தனர். அப்போது முன்னணியில் இருந்த கருவி எழுதிய விளக்கங்களில் 32 விழுக்காடே சரியென மதிப்பிடப்பட்டது. மனிதர் எழுதியவற்றில் அது 90. (விழுக்காடு என்பது இங்கு இக்காலப் பொருளில் வந்துள்ளது.) அதன்பின் கருவிகள் வளர்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் அந்நிலை எனின், தமிழில், அதுவும் ஐந்நூறாண்டுக்கு முந்தைய கோயில் தமிழில், எவ்வளவு கவனம் தேவை! இயந்திரம் பயின்ற தமிழில் பெரும்பகுதி இன்றைய தமிழ். அதன் மனத்தில், மனம் என்று சொல்லலாமாயின், பண்டாரமும் விழுக்காடும் இன்றைய பொருளோடுதான் முதலில் எழும்.

மும்பையிலும் தில்லியிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. தாத்தா எழுதிய பழைய கடிதத்தையோ, குடும்பத்து நிலப்பத்திரத்தையோ அவர்கள் படம் பிடித்து இயந்திரத்திடம் கொடுத்துப் பொருள் கேட்கின்றனர். விடை நல்ல இந்தியிலோ ஆங்கிலத்திலோ வருகிறது. மூலத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அவ்விடையே மூலமாகிவிடுகிறது. தாத்தா ஒரு தொடரை இரண்டு கருத்துப்பட எழுதியிருந்தால், இரண்டாவது கருத்து அங்கேயே புதைந்து போகும்.

அப்படியாயின் கருவியை ஒதுக்கிவிடுவதா? வேண்டுவதில்லை, கேட்கும் முறையை மாற்றினால் போதும். பாரிசில் கணினி அறிஞர் ஜெரார் உவே அமைத்த சமஸ்கிருத வாசிப்புக் கருவி இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி. வடமொழியில் சொற்கள் புணர்ந்து ஒரே நீளமாக நிற்கும்பொழுது, அவற்றைப் பிரிக்க எத்தனை வழி உண்டோ அத்தனையையும் அக்கருவி வரிசையாகத் திரையில் பரப்பிக் காட்டுகிறது. தானாக முடிவு கூறிவிடாமல், பொருந்துவதைப் படிப்பவரே தேர்ந்தெடுக்க விடுகிறது. செம்பொன்னையும் செம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் ஆசிரியரைப் போன்றது அது.

கல்வெட்டுத் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தி விட்டவன் விழுக்காட்டை இயந்திரத்தின்முன் வைக்கிறாள் என்று கொள்வோம். 'இதன் பொருள் யாது?' என்று கேட்டால் ஒரு விடை வரும். அது சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். 'இத்தொடருக்கு இயலக்கூடிய பொருள்கள் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் இக்கல்வெட்டில் எந்தச் சொல் சான்று? எச்சொல் எதிர்ச்சான்று?' என்று கேட்டால், விடையின் தன்மையே மாறும். மூன்று பொருளும் எதிரில் வந்து நிற்கும். இனி அவள் வேலை தொடங்குகிறது. வினை என்ன? பிரசாதம் பெறுதல். உடன் வரும் இனம் என்ன? நாலிலொரு கூறு. இதே தொடர் அதே அரசர் காலத்து மற்றக் கல்வெட்டுகளில் எவ்வாறு வருகிறது? இவற்றை அச்சிட்ட தொகுதியில் அவளே தேடிப் பார்க்க வேண்டும். ஏனெனில் இயந்திரம் இல்லாத கல்வெட்டையும் இருப்பதாகச் சொல்லத் தயங்காது. சில இடங்களில் கல்லே அவளுக்குத் துணைசெய்யும். கிருஷ்ணதேவராயர் 1513 பிப்ரவரியில் முதன்முறை திருமலைக்கு வந்து அளித்த கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் தனித்தனியே பொறிக்கப்பட்டன. தமிழ்ச் சொல் மயங்குமிடத்துத் தெலுங்குச் சொல்லைப் பார்க்கலாம். இரு மொழி வழங்கும் சித்தூர் வீட்டுப் பிள்ளைக்கு இதில் இயற்கையாகவே ஒரு கை கூடுதல். வீட்டில் ஓர் அவசரமும் தெருவில் வேறோர் அவசரமும் கேட்டு வளர்ந்தவள் அவள்.

மனிதரும் கருவியும் இவ்வாறு கூடி உழைத்தால் என்ன விளையும் என்பதற்குக் கிரேக்க நாட்டுக் கல்வெட்டுகள் சான்று தருகின்றன. வெனிசு, ஆக்சுபோர்டு, ஏதென்சு நகரங்களின் அறிஞரும் டீப்மைண்ட் நிறுவனத்தாரும் சேர்ந்து, எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளைக் கொண்டு பயிற்றிய இத்தாகா என்னும் கருவியைப் பற்றி 2022 மார்ச்சில் எழுதினர். சிதைந்த இடங்களை நிரப்புவதில், வரலாற்றறிஞர் தனித்து 25 விழுக்காடு சரியாகச் செய்தனர். கருவி தனித்து 62. கருவியின் உதவியோடு அறிஞர் செய்தபொழுது 72. அக்கருவியும் ஒரே விடை கூறுவதில்லை. பல விடைகளைத் தகுதி வரிசையில் தருகிறது. ஏதென்சின் சில ஆணைகள் எப்போது பொறிக்கப்பட்டவை என்று அறிஞரிடையே நெடிய வழக்கு ஒன்று இருந்தது. சிக்மா என்னும் எழுத்து மூன்று கோட்டுடன் இருப்பதைக் கொண்டு, அவை கி.மு. 446க்கு முற்பட்டவை என்றனர் ஒரு சாரார். 420களைச் சார்ந்தவை என்றனர் மறு சாரார். கருவியின் கணிப்பு சராசரியாகக் கி.மு. 421ஐச் சுட்டிப் பின்னவர் பக்கம் நின்றது. ஓர் எழுத்தில் எத்தனை கோடு என்பதைப் பற்றிய ஐயம், ஒரு பேரரசின் வரலாற்றையே இருபது ஆண்டு முன்னும் பின்னும் தள்ளியது!

திருமலையிலும் இதற்கு இணையான வழக்கு ஒன்று இருக்கிறது. தள்ளும் தூரமோ இருபது ஆண்டன்று, மூன்றரை நூற்றாண்டு. சாமவை என்னும் பல்லவர் குலத்து அரசி, காடவன் பெருந்தேவி என்றும் பெயருடையவள், வெள்ளியால் இறைவன் திருமேனி ஒன்று செய்து கோயிலில் எழுந்தருளுவித்து, அணிகலன்களும் நிலமும் அளித்தாள். கல்வெட்டு அதனை விரிவாகவே கூறுகிறது. காலத்தைக் கூறுமிடத்தில், அக்கால வழக்கப்படி, அரசன் ஒருவனின் பதினான்காம் ஆட்சியாண்டு என்று மட்டும் சொல்லி அமைகிறது. அவ்வரசன் யார்? கல்லிலுள்ள பெயரைப் பல்லவப் பேரரசன் மகேந்திரவர்மனுடையது எனக் கொள்பவர், அவன் 600ஐ ஒட்டி முடிசூடியவன் ஆதலால், பதினான்கைக் கூட்டி 614 என்பர். பார்த்திவேந்திரவர்மன் எனக் கொள்பவர் பத்தாம் நூற்றாண்டுக்கு வந்து 966 என்பர். இரண்டு ஆண்டுகளையும் இன்றும் புத்தகங்களில் காணலாம். 966 என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் திருப்பதி செல்லும் அன்பர் வாங்கும் சிறு நூலில் 614 என்று இருந்தால் அதை அச்சுப்பிழை என்று எண்ணிவிட வேண்டாம்.

இயந்திரத்திடம் இவ்வாண்டைக் கேட்கும் மாணவனுக்கு, அது எந்த நூலை மிகுதியாகப் படித்ததோ அந்த ஆண்டு கிடைக்கும். வழக்கு உண்டா என்று கேட்டால்தான் மற்றோர் ஆண்டும் வெளிவரும். அரசன் பெயரை மீண்டும் கல்லிலேயே படித்து, அதே எழுத்து வடிவமுடைய வேறு கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு வழக்கை முன்னே நகர்த்துவது கண்ணும் பொறுமையும் உடைய ஒருவரின் வேலை. தமிழ்க் கல்வெட்டுகள் அனைத்தும் கிரேக்கத்தைப் போல ஒழுங்காகக் கணினியில் ஏறும் நாள் வந்தால், அவ்வேலை விரைவுபடலாம்.

சாமவை தந்த வெள்ளித் திருமேனிக்குப் போக சீனிவாசர் என்று பெயர் வழங்குகிறது. நாள்தோறும் திருமஞ்சனம் கொள்வதும், இரவில் ஏகாந்த சேவையில் ஊஞ்சற் கட்டிலில் பள்ளிகொள்வதும் அத்திருமேனியே. அதைத் தந்த ஆண்டுக்கு மட்டும் இன்னும் இரண்டு கணக்கு.